'நகைச்சுவைப் படம்தானே' என்கிறார்கள். பையனைப் பார்க்க விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, மகளுக்கு 10. மகனின் வகுப்பில் எல்லோரும் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம். இடைவேளையில் அந்த வசனங்களைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். தானும் பார்த்தே ஆக வேண்டும் என்று நச்சரிக்கிறான். நான் டிரெய்லரைப் பார்த்தேன். இரட்டை அர்த்த வசனம், கழிவறைச் சிரிப்பு, குடித்துவிட்டு அடிக்கும் கூத்து. எனக்கு அருவருப்பாக இருந்தது. கணவரோ, "வெட்டுக்குத்தா, பேய்ப்படமா? நகைச்சுவைதானே, விடு" என்கிறார். அவருடைய தம்பி ஒரு படி மேலே போய், பிள்ளைகள் இருவரையும் தானே தியேட்டருக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றால் நான் பழைய பஞ்சாங்கம் ஆகிவிடுகிறேன். சரி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஒரு படம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று எப்படி முடிவு செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எழுதியிருந்தால் 'காட்டலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே வரியில் முடித்திருப்பேன். அடுத்த மாதம் வேறொரு படம் வெளியாகும். வீட்டில் மறுபடியும் இதே வழக்கு தொடங்கும்.

உங்கள் கணவரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பலரும் அதையேதான் சொல்கிறார்கள். வெட்டுக்குத்துப் படம் என்றால் பத்து முறை யோசிப்பவர்கள், நகைச்சுவைப் படம் என்றால் யோசிப்பதே இல்லை. ஆனால் பேய்ப்படம் பார்த்துப் பயந்த பிள்ளை அன்றிரவே நம் அறைக் கதவைத் தட்டிவிடும். ரத்தத்தைப் பார்த்து மிரண்ட பிள்ளையை முகமே காட்டிக்கொடுத்துவிடும். சிரித்துவிட்டு வந்த பிள்ளை எதையும் சொல்ல வராது. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. நகைச்சுவைப் படம் எல்லாம் ஆபத்து என்று நான் பயமுறுத்தவில்லை. மற்ற படங்களைச் சோதிப்பதுபோல் இதையும் சோதிக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. இந்தியாவில் பொதுவாக 'யு/ஏ' என்றிருந்த முத்திரை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதலே, முடிவு உங்களுடையது. 'ஏ' முத்திரைதான் 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கதவைச் சாத்துகிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ஓடிடி தளங்களிலும் இதே வயதுப் பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கே தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வது அந்தத் தளம். அமெரிக்காவில் 1984-இல் அறிமுகமான 'பிஜி-13' பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அதற்கு அடுத்த 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் குறைந்தவரோடு பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ வர வேண்டும். பிரிட்டனில் '12ஏ' படத்துக்கு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெரியவர் துணையோடு அனுப்பலாம். '15' என்று போட்டுவிட்டால், அப்பாவும் அம்மாவும் இருபுறமும் நின்றாலும் 14 வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ஆக ஒரே படம் ஒரு நாட்டில் 'பார்த்து முடிவு செய்யுங்கள்' என்றும், இன்னொரு நாட்டில் 'உள்ளே வராதே' என்றும் சொல்லப்படலாம்.

சான்றிதழை நான் மதிக்கிறேன், ஆனால் எண்ணக்கூடிய விஷயங்களில்தான் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். அமெரிக்க விதியில் ஒரு கணக்கு உண்டு: பாலியல் சார்ந்த கடுமையான வசைச்சொல் ஒன்று ஒரே ஒருமுறை வசையாக வந்தால் படம் குறைந்தது பிஜி-13, அதற்கு மேல் போனால் பொதுவாக 'ஆர்'. இந்தியாவில் 1991-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், கீழான உணர்ச்சிகளைத் தூண்டும் இரட்டை அர்த்தச் சொற்களை அனுமதிக்கக்கூடாது என்றே சொல்கின்றன. நடைமுறையில் எத்தனை வசனங்கள் அந்தச் சல்லடையில் நழுவி வந்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இதற்கு நேர்மாறாக, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், ஓர் ஆளை இரண்டு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து கேவலப்படுத்தும் படத்தையும் எடுக்க முடியும். அதை எந்த எண்ணிக்கையும் பிடிக்காது.

அதனால் நான் வார்த்தைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு சிரிப்பிலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இங்கே நாம் யார் செலவில் சிரிக்கிறோம்?

உங்களுக்கு மிகவும் அருவருப்பாக இருந்த கழிவறைச் சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாயு, ஏப்பம், வாந்தி, தப்பான நேரத்தில் கலங்கும் வயிறு. நானும் அதை ரசிப்பதில்லை. ஆனால் பட்டியலிலேயே தீங்கு குறைந்தது அதுதான். உடம்பு எல்லோருக்கும் உண்டு; அதனால் அந்தச் சிரிப்பில் தனியாக யாரும் அவமானப்படுவதில்லை. அதோடு 13 வயது என்பது சொந்த உடம்பே சொன்ன பேச்சைக் கேட்காத காலம். குரல் உடைகிறது, முகத்தில் பரு, புதிதாக ஒரு வியர்வை நாற்றம். உடம்பை வைத்து எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் இடத்தில் அவனுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. படம் பார்த்த பிறகு நாலு நாள் வீட்டில் அதே சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட வார்த்தைகளை அவன் ஏற்கெனவே பள்ளியில் கேட்டுவிட்டான். கால் இடறி விழுந்தவன் வலியில் திட்டுவது ஒன்று. ஒருவரின் பிறப்பையோ நிறத்தையோ உடற்குறையையோ குறிவைத்துத் திட்டி, அதற்கு அரங்கம் சிரிப்பது வேறு. முன்னதை விட்டுவிடலாம்.

இரட்டை அர்த்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் புரியாது. மகனுக்குப் பாதி புரியும். சிக்கல் அந்தப் பாதியில்தான். புரிந்துவிட்டது என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காகவே அதைத் திருப்பிச் சொல்வான். அந்த வசனத்தின் கனம் தெரியாமல் வகுப்பில் ஒரு பெண்ணிடம் சொன்னான் என்றால், அவனுக்கு அது வேடிக்கை, அவளுக்கு அது தொல்லை. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, என்ன தவறு செய்தோம் என்று உண்மையிலேயே தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் உண்மையில் கவலைப்படுவது அடுத்த இரண்டு வகைகளைப் பற்றித்தான்.

கதாநாயகனின் குண்டு நண்பனை நினைத்துப் பாருங்கள். அவன் வாசலில் தலைகாட்டியதுமே பின்னணியில் யானை நடப்பதுபோல் ஒரு மேளச் சத்தம். உட்காரும் நாற்காலி உடைகிறது. பெண் ஒருத்தி அவனிடம் பேச வருகிறாள் என்று நம்பிச் சட்டையைச் சரிசெய்துகொள்கிறான். அவள் பின்னால் நிற்பவனிடம் போகிறாள். நண்பர்கள் பிடரியில் அடிக்கிறார்கள், அவனும் சேர்ந்து இளிக்கிறான். படம் முடியும்வரை அவனுக்கு ஒரு வீடு இல்லை, ஒரு ஆசை இல்லை, அடிபட்டால் வலி இல்லை. இப்போது உங்கள் மகனின் வகுப்பறைக்கு வாருங்கள். அங்கேயும் அப்படி ஒரு பையன் இருப்பான். மறுநாள் காலை அவன் உள்ளே வரும்போது யாராவது ஒருவன் வாயாலேயே அந்த மேளத்தை அடிப்பான். ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏதாவது ஒரு படத்தில் போய் நிற்பது எனக்குப் புதிதல்ல.

தாமஸ் ஃபோர்டு, மார்க் ஃபெர்குசன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2004-இல் இதை விளக்க ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒரு பிரிவினரை மட்டம்தட்டும் நகைச்சுவை, கேட்பவர் மனத்தில் புதிதாக வெறுப்பைக் கொண்டுவந்து கொட்டிவிடுவதில்லை. ஏற்கெனவே உள்ளே கொஞ்சம் வைத்திருப்பவருக்கு, 'இங்கே இதெல்லாம் சகஜம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று அனுமதி கொடுக்கிறது. வகுப்பறையில் நடப்பது அச்சு அசலாக இதுதான். படம் எல்லோரையும் கொடுமைக்காரர்கள் ஆக்குவதில்லை. கை அரித்துக்கொண்டிருப்பவனுக்குத் தைரியம் கொடுக்கிறது.

இரண்டாவது வகையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பெண் உடை மாற்றுவதை ஒளிந்திருந்து பார்ப்பது, ஏமாற்றி ஒரு முத்தம் வாங்குவது, குடிக்க வைத்துக் காரியம் சாதிக்கப் பார்ப்பது, வேண்டாம் என்றவளை விடாமல் துரத்துவது. இவையெல்லாம் குறும்பாகக் காட்டப்பட்டு, செய்தவனுக்கு எந்த நஷ்டமும் இல்லாமல், கடைசியில் அவளும் சிரித்துவிட்டால், 13 வயதுப் பையனுக்கு அந்தப் படம் வேண்டாம். பெரியவர்களான நாம் 'சினிமாவில்தான் இப்படி' என்று ஒதுக்கிவிடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறது. அவனிடம் இன்னும் இல்லை. ஒரு பெண்ணிடம் எப்படிப் பழகுவது என்று அவன் யாரிடமும் கேட்கக் கூச்சப்படும் வயதில், கேட்காமலே சொல்லிக்கொடுக்கிறது படம்.

இதிலேயே பெற்றோர் கவனிக்கத் தவறும் இன்னொரு பக்கம் உண்டு. இத்தகைய படங்களில் ஆண்கள் மீது நடக்கும் அத்துமீறல் எப்போதுமே நகைச்சுவைதான். வயதான ஒருத்தி இளைஞனை மூலையில் மடக்குகிறாள், அவன் அலறுகிறான், அரங்கம் அதிர்கிறது. ஒரு ஆண் இன்னொரு ஆணைத் தொடுகிறான், இன்னும் பெரிய சிரிப்பு. பையன்கள் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: நமக்கு இப்படி நடந்தால் அது சிரிப்பதற்கான விஷயம், வெளியே சொன்னால் கேலிதான் மிஞ்சும். தனக்கு நேர்ந்ததை நெடுநாள் மறைத்து வைத்திருந்த ஒரு பையன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "எல்லோரும் சிரிப்பார்கள்" என்றான். உங்கள் கணவருக்கு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

டிரெய்லரை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெரிய சிரிப்பு வரும் இடங்களை வரிசையாகக் கோத்ததுதான் அது. படத்தில் அதே காட்சிக்குப் பிறகு செய்தவன் வகையாக மாட்டிக்கொள்கிறானா, அவமானப்பட்டவன் திருப்பிக் கேட்கிறானா என்பதெல்லாம் அதில் இருக்காது. எல்லாமே மாறிப்போகும் இடம் அதுதான். கொச்சையாகப் பேசிக்கொண்டே நட்பைப் பற்றி நேர்மையாகச் சொல்லும் படங்களும் உண்டு; வெள்ளையும் சொள்ளையுமாக வந்து வக்கிரத்தைப் பரிமாறும் படங்களும் உண்டு. முழுப் படத்தையும் நீங்களும் கணவரும் முதலில் பாருங்கள்.

பார்க்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் பார்ப்பதாக இருந்தால், சந்தேகமான காட்சி வரும்போது ஒலியை அணைத்துவிட்டு அதை மறுபடி ஓடவிடுங்கள். 'இப்போது சிரி' என்று சொல்லிக்கொடுக்கும் இசை போய்விடும். நடப்பது மட்டும் கண்ணில் படும். மேளம் இல்லாவிட்டால், நாலு பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக்கொண்டிருப்பதுதான் மிஞ்சும்.

இரண்டாவது, முகம் சுளித்த இடத்தை அந்த நொடியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். படம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். இதற்குக் காரணம் உண்டு. 2014-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் டேனியல் ரோமரும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,000 பெற்றோருக்கு வன்முறையும் பாலியலும் கொண்ட சினிமாக் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, இந்தப் படத்தை எந்த வயதில் பார்க்க விடுவீர்கள் என்று கேட்டார்கள். முதல் காட்சிக்கு ஏறக்குறைய 17 வயது என்றவர்கள், ஆறாவது காட்சிக்கு வரும்போது 14 என்றார்கள். காட்சிகளின் வரிசையை மாற்றி மாற்றித்தான் காட்டினார்கள். இளகியது பெற்றோரின் மனம். நகைச்சுவையில் இந்த மரத்துப்போதல் இன்னும் சுலபம் என்பது என் கணிப்பு. இடைவேளை வரும்போது நாமும் சிரித்துக்கொண்டிருப்போம். அதனால் முதல் அரை மணி நேரத்தில் எழுதிய குறிப்புதான் உங்களுடைய உண்மையான கருத்து.

பிறகு பையனைப் பாருங்கள். வயதை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். வகுப்பில் அவன் கேலி செய்பவனா, கேலிக்கு ஆளாகிறவனா, ஓரமாக நின்று பார்க்கிறவனா? மூவருக்கும் ஒரே படம் மூன்று படமாகிவிடும். பிடிக்காத ஒன்றை "பிடிக்கவில்லை" என்று நண்பர்கள் எதிரில் சொல்ல அவனால் முடியுமா? முடியும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது தியேட்டர் திட்டம். மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. மகள் இந்தப் பேச்சிலேயே இருக்கக்கூடாது. 10 வயதுப் பிள்ளை அண்ணன் சிரிக்கும் இடங்களில் எல்லாம் காரணம் தெரியாமல் சிரித்துப் பழகும், அது அவளைப் பற்றிய சிரிப்பாகவே இருந்தாலும். மகனையும் முதல் முறை கூட்டத்தோடு பார்க்க விடாதீர்கள். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். தனக்குச் சங்கடமாக இருக்கும் காட்சிக்கும், நிறைந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பையன் சிரித்துவிடுவான். மைத்துனருக்கு மனக்கசப்பு வராமல் இருக்க வேண்டுமானால், அழைத்துப் போக வேறு ஒரு படத்தை நீங்களே சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுது, இந்தப் படம்தான் என்று இல்லை.

நீங்கள் பார்த்த பிறகு, கழிவறையும் கெட்ட வார்த்தையும்தான் படத்தின் குற்றம் என்று தெரிந்தால், மகனை உட்கார வைத்து உங்களில் ஒருவர் கூடவே பாருங்கள். கூடவே என்றால் கைபேசியைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருப்பது அல்ல. ஒரு வார்த்தையும் சொல்லாமல் பார்க்கும் பெற்றோரைப் பிள்ளைகள் ஒப்புதல் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காகக் காட்சிக்குக் காட்சி நிறுத்திப் பாடம் எடுக்கவும் வேண்டாம். பாவம், அவன் படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். மொத்தப் படத்துக்கும் இரண்டு இடம் போதும். "எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை, அந்தப் பையனுக்கு வலித்திருக்கும்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள். கண்ணை உருட்டுவான். காதில் விழுந்திருக்கும்.

பெண்ணிடம் அத்துமீறுவதைக் குறும்பாகக் காட்டும் அந்த இரண்டாவது வகையில் படம் விழுந்தால், தடை போடுங்கள், காரணத்தோடு. ஏமி நேதன்சன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெற்றோர் தடை செய்வதும், அந்தப் பிள்ளைகள் அவற்றை நண்பர்களோடு அதிகம் பார்ப்பதும், பெற்றோர் மீது அவ்வளவாக நல்லெண்ணம் இல்லாமல் இருப்பதும் சேர்ந்தே காணப்பட்டன. எது எதற்குக் காரணம் என்று அதில் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் "வேண்டாம் என்றால் வேண்டாம்" என்பது உங்கள் மகனிடம் எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே ஊகிக்கலாம். "நாங்கள் இருவரும் முழுசாகப் பார்த்தோம். கெட்ட வார்த்தைக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவளைப் படம் எடுப்பதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. உனக்கு 15 ஆகட்டும், மறுபடி பேசுவோம்." இப்படிச் சொன்னால் அவன் ஒப்புக்கொள்வான் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் பார்க்காமலே மறுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு உங்கள் மேல் விழாது. பழைய பஞ்சாங்கம் என்ற பட்டமும் ஒட்டாது. கணவரும் நீங்களும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால், பையன் தூங்கிய பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்குள் அவன் நண்பன் வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டிருக்கவும் கூடும். இல்லாவிட்டாலும் கைபேசித் துணுக்குகளாகப் பாதியைப் பார்த்திருப்பான். விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள், யார் வீட்டில், எப்போது என்று குடையாதீர்கள். "உங்கள் வகுப்பில் எந்தக் காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, அவன் கதையாகச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். எந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறான், எந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறான் என்று கவனியுங்கள். தாண்டிப் போன இடத்தைப் பற்றி அன்றைக்கே கேட்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, இருவரும் ஏதாவது ஒரு வேலையாக இருக்கும்போது கேளுங்கள்.